செத்த மாட்டுக்குச் சாட்சி: மீட் கவுண்டியும் அட்லஸ் பனிப்புயலும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், அதன் மேற்குப் பாதியில், 2013 அக்டோபர் 3ஆம் தேதி மழை பெய்யத் தொடங்கியது. 5ஆம் தேதி அது பெரும் பனிப்புயலாக ஓய்ந்தபோது பல்லாயிரம் மாடுகள் செத்துக் கிடந்தன. வெதர் சேனல் அந்தப் புயலுக்கு அட்லஸ் என்று பெயர் வைத்திருந்தது. செத்த மாடுகளுக்கு அரசு இழப்பீடு கேட்டு விண்ணப்பம் கொடுப்பதற்கே பண்ணையாளர்கள் 2014 ஏப்ரல் 15 வரை காத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கும் மேல்.

அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பேரிடர் உதவி என்றாலே எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. புயல் வந்த அன்று சட்டம் உயிரோடு இருந்ததா, அலுவலகம் திறந்திருந்ததா, இழப்பை எழுதிக்கொள்ள ஓர் ஆள் இருந்தாரா என்பதே முதல் கேள்வி. அட்லஸ் விஷயத்தில் மூன்றுக்கும் விடை ஒன்றுதான்: இல்லை.

இடமும் தொழிலும்

மீட் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பரப்பளவில் தெற்கு டகோட்டாவிலேயே பெரியது; ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 25,434 பேர். கவுண்டியின் தலைமையூர் ஸ்டர்ஜிஸ், ஆகஸ்ட் மாத மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். ஆனால் ஸ்டர்ஜிஸை விட்டுக் கிழக்கே, வடகிழக்கே போனால் யூனியன் சென்டர், ஃபெயித் போன்ற சிற்றூர்கள் மட்டும்தான். அவற்றுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அங்கே வாழ்க்கை என்றால் மாடு. சுற்றியுள்ள பென்னிங்டன், பெர்கின்ஸ், ஹாக்கன், புட், ஸீபாக் கவுண்டிகளிலும் நிலைமை இதேதான்.

அங்கே நடப்பது இறைச்சிக்கான தாய்ப்பசு வளர்ப்பு. மாடுகள் கொட்டிலில் கட்டிவைத்து வளர்க்கப்படுவதில்லை. வசந்தத்தில் பசு கன்று ஈனும். கோடை முழுக்கத் தாயும் கன்றும் வீட்டிலிருந்து பல மைல் தள்ளியிருக்கும் கோடை மேய்ச்சல் நிலத்தில் திரியும். அக்டோபர், நவம்பரில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் என்பது அந்த ஒரு விற்பனைதான். வங்கியில் வாங்கிய நடைமுறைக் கடனையும் அதில்தான் கட்டுவார்கள். கன்றைப் பிரித்த பிறகு, மறுபடியும் சினையாகிவிட்ட பசுக்களைக் குளிர்காலத்துக்கான நிலத்துக்கு ஓட்டி வருவார்கள். அந்த நிலம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்; காற்றுத் தடுப்பு மரங்களும் ஓடைப் பள்ளங்களும் வைக்கோல் போர்களும் அங்கே உண்டு.

இந்த நாட்காட்டியைத் தெரிந்துகொண்டால்தான் அட்லஸ் செய்த சேதம் விளங்கும். அக்டோபர் முதல் வாரத்தில் மாடுகள் இன்னும் கோடை நிலத்தில் இருந்தன. கன்றுகள் விற்பனைக்கு இன்னும் சில வாரம் இருந்தது. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் வளர்ந்திருக்கவில்லை. முந்தைய நாட்கள்வரை இதமான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே போனாலும் தாக்குப்பிடிக்கிற அதே மாடுகள், அந்த வாரத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்றன.

மூன்று நாள்

முதலில் மழை. குளிர்ந்த மழை, மணிக்கணக்கில் பெய்து மாடுகளைத் தோல்வரை நனைத்தது. பிறகு காற்றும் பனியும். பிளாக் ஹில்ஸ் மலையிலுள்ள லீட் ஊரில் 55 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவாகப் பனி விழுந்தது. ரேப்பிட் சிட்டியில் ஏறக்குறைய இரண்டடி. காற்று சில இடங்களில் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டது.

நனைந்த மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும். அது அதன் இயல்பு. காற்று வடக்கிலிருந்து அடிக்க, மந்தைகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. சில மாடுகள் பல மைல் நடந்தன. வேலி குறுக்கே வந்தால் அதில் மோதிக் குவிந்தன. பனி வேலியை மூடியிருந்த இடங்களில் அதன் மேலேறிப் போயின. கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தன. குட்டைகளில் இறங்கி மூழ்கின. நெடுஞ்சாலை ஓரப் பள்ளங்களில் வரிசையாகச் செத்துக் கிடந்தன. உடல் வெப்பம் இறங்கியும், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தும் செத்ததாகக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். பிழைத்த மாடுகளோ ஐந்தாறு பண்ணைகளின் சூட்டுக்குறிகள் கலந்து, யாருடையது எது என்று தெரியாமல் அடுத்தவர் நிலத்தில் நின்றன.

எத்தனை மாடு செத்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே விடை கிடையாது. முதல் வாரத்தில் ஒரு லட்சம்வரை இருக்கும் என்ற பேச்சு ஓடியது. அக்டோபர் கடைசிவாக்கில் மாநிலக் கால்நடைத் துறைக்குப் பண்ணையாளர்கள் தாமாக முன்வந்து தெரிவித்த எண்ணிக்கை ஏறக்குறைய 14,000. பின்னர் மாட்டுப் பண்ணையாளர் சங்கத் தரப்பிலிருந்து 43,000க்குக் குறையாது என்ற மதிப்பீடு வந்தது. இந்த எண்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் யாருடைய பொய்யும் கிடையாது. இழப்பைச் சொல் என்று கேட்கும் கடமையுள்ள மத்திய அரசு அலுவலகம் அந்த வாரம் பூட்டியிருந்தது. சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பமாக இருந்தது.

ஒரு பசுவின் சாவு என்பது அங்கே மூன்று இழப்பு. பசு போயிற்று, கூடவே நின்ற இந்த ஆண்டுக் கன்று போயிற்று, வயிற்றிலிருந்த அடுத்த ஆண்டுக் கன்றும் போயிற்று. இவற்றில் முதல் இரண்டை அன்றைய அரசுத் திட்டம் எண்ணியது. மூன்றாவதை எண்ணவில்லை. பல தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்த ஒரு மந்தையின் வம்சத்தை எண்ணுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மூன்று பூட்டு

அமெரிக்காவில் கால்நடை இழப்புக்கென்று ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விவசாயச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது; ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்ஐபி என்பார்கள். கடும் வானிலையில் செத்த கால்நடைகளுக்குச் சந்தை மதிப்பின் 75 விழுக்காட்டைத் தரும். நடைமுறைப்படுத்துவது விவசாயத் துறையின் பண்ணைச் சேவை முகமை; கவுண்டி அளவிலேயே அதற்கு அலுவலகங்கள் உண்டு.

ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியபோது செலவுக் கணக்கைச் சுருக்கிக் காட்டுவதற்காக, பேரிடர்த் திட்டங்களை மட்டும் சட்டத்தின் ஆயுளைவிட ஓராண்டு முன்னதாகவே முடியும்படி வைத்தார்கள். 2011 அக்டோபர் 1க்குப் பிறகு நடக்கும் இழப்புக்கு அதில் பணம் இல்லை. அதற்கடுத்த கோடையில், 2012இல், நாட்டின் நடுப்பகுதியே காய்ந்துபோன வறட்சி வந்தது. பிரதிநிதிகள் சபை அந்த ஆகஸ்டில் கால்நடைகளுக்கென்று தனி உதவி மசோதா ஒன்றை நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2013 ஜனவரியில் பழைய விவசாயச் சட்டத்தை நீட்டித்தார்கள். பேரிடர்த் திட்டங்களுக்குப் பணம் மட்டும் வைக்கவில்லை. ஜூனில் புதிய விவசாயச் சட்ட மசோதா, உணவு உதவித் திட்டத்தைப் பற்றிய சண்டையில், பிரதிநிதிகள் சபையில் தோற்றது. இது முதல் பூட்டு. அட்லஸ் வந்தபோது திட்டத்தின் பெயர் இருந்தது, உயிர் இல்லை. இரண்டு ஆண்டாக.

இரண்டாவது பூட்டு அந்த வாரமே விழுந்தது. பட்ஜெட் நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் 16 வரை அமெரிக்க மத்திய அரசு முடங்கியது. புயல் வந்தது 3ஆம் தேதி. பண்ணைச் சேவை முகமையின் அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பனி உருகிச் சேறான மேய்ச்சல் நிலத்தில் நின்று, நூறு மாட்டின் உடலைப் பார்த்துக்கொண்டு, யாரை அழைப்பது என்று தெரியாத நிலை. நாட்டுத் தலைநகரின் முடக்கச் செய்திகளுக்கு நடுவே இந்தச் சாவுகள் நாட்டின் பெரிய செய்தியாகவும் ஆகவில்லை. அந்தப் பக்கத்து மக்களை மிகவும் புண்படுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். பணம் வராததைவிட, நடந்தது யாருக்கும் தெரியவில்லை என்பது.

மூன்றாவது பூட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தனியார் காப்பீடு. பயிருக்கு மத்திய அரசு மானியத்தோடு காப்பீடு உண்டு; திறந்தவெளியில் மேயும் மாடு பனியில் செத்தால் ஈடு தரும் பாலிசி பெரும்பாலோரிடம் இல்லை. நவம்பரில் அதிபர் பேரிடர் பிரகடனம் செய்தார். அந்தப் பணம் சாலை, மின்கம்பி போன்ற பொதுச் சொத்துகளைச் சீரமைக்க. மாட்டுக்கு அதில் இடம் கிடையாது.

சாட்சி யார்

திட்டம் உயிரில்லாமல் கிடந்தாலும், பின்னொரு நாள் முன்தேதியிட்டு உயிர்பெறலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அதனால் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும், பண்ணையாளர் சங்கங்களும், மாநிலக் கால்நடை மருத்துவர் அலுவலகமும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள்: ஆதாரம் சேருங்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்துபார்த்தால் தெரியும். செத்த உடலை 36 மணி நேரத்துக்குள் எரிக்கவோ, நாலடி ஆழத்தில் புதைக்கவோ, உடல்களை உருக்கும் ஆலைக்கு அனுப்பவோ வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நோய் பரவாமல் இருக்க அது தேவைதான். ஆனால் இழப்பீட்டுக்கு அந்த உடல்தான் ஆதாரம். புதைத்துவிட்டால் எதைக் காட்டுவது? அந்த அவகாசத்துக்குள் ஒவ்வொரு உடலிலும் சூட்டுக்குறியும் காதுவில்லையும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். தேதி குறிக்க வேண்டும். பண்ணைக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வீட்டாளோ பண்ணை வேலையாளோ சாட்சியாக முடியாது. பென்னிங்டன் கவுண்டியில் பெரும் குழி தோண்டிக் கொடுத்தார்கள். ஆனால் சேற்றில் புதைந்த சாலையில், இருபது மைல் தள்ளி ஓடையில் கிடக்கும் மாட்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி?

அப்போது சாட்சியானவர்கள் அக்கம்பக்கத்தார். ஒருவர் நிலத்தில் மற்றொருவர் போய் எண்ணினார். தன் மாடுகளைத் தேட வேண்டிய நேரத்தில் அடுத்தவர் மாட்டின் காதுவில்லையைக் குறித்துக்கொண்டார். அந்தப் பகுதியில் மாட்டை விற்கும்போது சூட்டுக்குறியைச் சரிபார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. கலந்துபோன மந்தைகளைப் பிரிக்க அவர்கள் உதவினார்கள். நூறாண்டுக்கு மேலாகத் திருட்டைத் தடுக்க இருந்த சூட்டுக்குறி முறை, இந்த முறை செத்த மாட்டுக்கு அடையாளச் சீட்டானது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்ஐபி, செத்த எல்லா மாட்டுக்கும் பணம் தராது. எந்த ஆண்டும் சில மாடுகள் இயல்பாகச் சாகும்; அந்த விகிதத்தை மாநில அளவில் நிர்ணயித்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் தரும். அதற்கு, புயலுக்கு முன் உங்களிடம் எத்தனை மாடு இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். வங்கிக் கடன் பத்திரத்தில் அடமானமாகக் காட்டிய எண்ணிக்கை, தடுப்பூசிக் கணக்கு, விற்பனைச் சீட்டு என்று தேடி எடுக்க வேண்டும். பழக்கத்தில் எல்லாவற்றையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் ஒரு முதியவருக்கு, அந்தக் குறிப்பேட்டை ஏற்பார்களா மாட்டார்களா என்று சொல்லும் ஆள் அக்டோபரில் இல்லை.

ஏற்பதா வேண்டாமா என்று கடைசியில் முடிவு செய்வது யார்? கவுண்டி கமிட்டி. அந்தந்தப் பகுதி விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், மூன்று முதல் பதினோரு பேர் கொண்ட குழு. உறுப்பினர்களும் விவசாயிகளே. இதை நான் இந்த அமைப்பின் பெரிய பலமாகப் பார்க்கிறேன். அக்டோபர் மழையில் நனைந்த மாடு எப்படிச் சாகும் என்று தலைநகரில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. கமிட்டியில் இருப்பவர் அதே புயலில் தன் மாட்டையும் பறிகொடுத்திருப்பார். இதிலேயே சங்கடமும் இருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரித்தால், அவரை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்தாக வேண்டும். அதனால்தான் மூன்றாம் ஆள் சாட்சியும் எழுத்துமூல விதியும் தேவைப்படுகின்றன. அவை விண்ணப்பிப்பவரைச் சந்தேகிக்க மட்டும் இருப்பவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கமிட்டியில் இருக்கும் அயலாரையும் அவை காப்பாற்றுகின்றன.

இவ்வளவு கெடுபிடி எதற்கு: 2002இன் கதை

இத்தனை ஆதாரம் கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். அதற்கொரு முன்கதை உண்டு.

2002 வறட்சியின்போது விவசாயத் துறை வேறொரு கால்நடை உதவித் திட்டத்தை அவசரமாகத் தொடங்கியது. இழப்பை நிரூபிக்க வேண்டியதே இல்லை. பேரிடர் அறிவிக்கப்பட்ட கவுண்டியில் உங்களிடம் மாடு இருந்தால் போதும். இறைச்சி மாட்டுக்குத் தலைக்கு 18 டாலர். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அதை இன்னும் விரித்தது. வறட்சி என்றில்லை, எந்தப் பேரிடருக்காக அறிவிக்கப்பட்ட கவுண்டியாக இருந்தாலும் சரி என்றானது. 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறி, அதன் துண்டுகள் கிழக்கு டெக்சாஸில் விழுந்தன. சிதைவுகளைத் தேடி எடுப்பதற்காக அங்கே கவுண்டிகள் பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. அந்தக் கவுண்டிகளின் மாடுகளுக்கும் பணம் போனது. அந்த மாடுகளுக்கு ஒரு கேடும் வரவில்லை.

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2006இல் இந்தக் கணக்கைத் தோண்டியது. 120 கோடி டாலர் செலவான அத்திட்டத்தில் 63.5 கோடி டாலர், வறட்சி மிதமாகவே இருந்த அல்லது அறவே இல்லாத கவுண்டிகளுக்குப் போயிருந்ததாக அந்தப் பத்திரிகை எழுதியது. பாதிக்கும் மேல். வேண்டாம் என்று நினைத்தவர்களுக்குக்கூடக் காசோலை வந்தது.

அந்தத் திட்டத்தில் பிழை எங்கே என்று கவனிக்க வேண்டும். கவுண்டிக் கோட்டையே இழப்பின் அளவாக எடுத்துக்கொண்டதில்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் பணம். அந்தப் பக்கம் இருந்தால் இல்லை. வேகம் இருந்தது, குறி இல்லை. 2008இல் எல்ஐபி வந்தபோது அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்கள்: ஒவ்வொரு மாட்டையும் காட்டு, ஒவ்வொன்றுக்கும் சாட்சி கொண்டுவா. இந்த மாற்றம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். பொதுப்பணம் இழந்தவருக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஆதாரத்தை இவ்வளவு கேட்கும் ஓர் அரசு, அந்த ஆதாரத்தை வாங்கிக்கொள்ள அன்றே ஆளை வைத்திருக்க வேண்டும். அட்லஸில் விதி கடுமையாக இருந்தது, வாங்கிக்கொள்ளும் கை இல்லை.

புல் காய்ந்துபோனதற்குத் தரும் தீவன உதவித் திட்டம் மட்டும் இன்றும் கவுண்டி அளவில்தான் இயங்குகிறது. வாராவாரம் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடத்தில் உங்கள் கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி குறிப்பிட்ட கடுமையை எட்டினால் உதவி உண்டு. அங்கே அது ஓரளவு பொருந்துகிறது. வறட்சி பரவலாக வரும். காய்ந்த புல்லை எண்ணிக் காட்ட முடியாது. செத்த மாட்டை எண்ணலாம்.

பணம் வந்தபோது

அரசு வராத இடத்தில் முதலில் வந்தவர்கள் மக்கள். புயல் ஓய்ந்த சில நாளிலேயே பண்ணையாளர் சங்கங்கள் பிளாக் ஹில்ஸ் பகுதி சமூக அறக்கட்டளையோடு சேர்ந்து ஒரு நிவாரண நிதியைத் தொடங்கின. அதில் 50 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மோன்டானா போன்ற அண்டை மாநிலப் பண்ணையாளர்கள் ‘ஹைஃபர்ஸ் ஃபார் சவுத் டகோட்டா’ என்ற பெயரில் தங்கள் மந்தையிலிருந்து சினைக் கிடாரிகளைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவருக்கு வசந்தத்தில் ஈனப்போகிற கிடாரியைக் கொடுப்பது காசோலை எழுதுவதைவிடப் பெரிய காரியம். வாங்கியவர்களில் பலர் அதைக் கொண்டுதான் மந்தையை மறுபடி தொடங்கினார்கள்.

நாடாளுமன்றத்தில் புயலுக்குப் பிறகு வேலை வேகமெடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரு அவைகளின் மசோதாக்களையும் ஒன்றாக்கும் குழுவில் தெற்கு டகோட்டாவின் ஒரே பிரதிநிதி கிறிஸ்டி நோயம் இருந்தார். அவரும் பண்ணைக் குடும்பம். 2014 பிப்ரவரி 7ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட விவசாயச் சட்டம் எல்ஐபியை நிரந்தரமாக்கியது. 2011 அக்டோபர் 1 முதல் நடந்த இழப்புகளுக்கும் முன்தேதியிட்டு விரித்தது. அதன் பிறகு விவசாயத் துறை காட்டிய வேகம் பாராட்டத்தக்கது. பத்து வாரத்துக்குள் விதிகள் எழுதி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஏப்ரல் 15ஆம் தேதி விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. ஒரே நேரத்தில் இரண்டரை ஆண்டு இழப்பு மொத்தமும் கவுண்டி அலுவலகத்தின் மேஜைக்கு வந்தது: 2012 வறட்சியின் தீவனக் கணக்கு, அட்லஸின் சாவுக் கணக்கு, எல்லாம்.

ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. அது எந்த அரசு அறிக்கையிலும் இழப்பாகப் பதிவாகவில்லை. நாடு முழுக்க வறட்சியில் மந்தைகளை விற்றுத் தீர்த்ததால், 2014 ஜனவரி 1 கணக்கில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.77 கோடி. 1951க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு. மாடு குறைய விலை ஏறியது. 2014இல் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. எல்ஐபி கணக்கிடுவது மாடு செத்த காலத்தின் சந்தை மதிப்பை. அதிலும் 75 விழுக்காடு. ஆக, 2013 விலையில் முக்கால் பங்கை 2014 கோடையில் கையில் வாங்கிக்கொண்டு, 2014 விலைக்குச் சினைக் கிடாரி வாங்கச் சந்தைக்குப் போக வேண்டும். நான்கு மாட்டை இழந்தவர் அந்தப் பணத்தில் மூன்று மாடு வாங்கலாம் என்பது காகிதக் கணக்கு. உண்மைச் சந்தையில் அது இரண்டுக்கே நெருக்கமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அக்டோபரிலேயே திட்டம் உயிரோடு இருந்து, அந்தக் குளிர்காலத்திலேயே பணம் கைக்கு வந்திருந்தால், அதே தொகை இன்னும் பல மாடுகளை வாங்கியிருக்கும். தாமதித்த இழப்பீடு சிறுத்துப்போன இழப்பீடு. தொகையைக் குறைக்காமலே குறைத்துவிட்டார்கள்.

உச்சவரம்பும் இருந்தது. எல்லாக் கால்நடைப் பேரிடர்த் திட்டங்களுக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர். பெரிய தொகைதான். ஆனால் தலைக்கு ஆயிரம் டாலர் ஈடு என்று வைத்துக்கொண்டாலே 125 மாட்டில் வரம்பு முட்டிவிடும். அந்தப் பகுதியில் குடும்பப் பண்ணை என்பதே சில நூறு பசுக்கள். மந்தையில் பாதியை இழந்த ஒரு குடும்பத்துக்கு, வரம்புக்கு மேற்பட்ட மாடுகள் விதியின் கண்ணுக்குத் தெரியாமல் போயின. போதாக்குறைக்கு, நாடாளுமன்றம் முன்பே போட்டிருந்த பொதுச் செலவுக் குறைப்பின்படி 2014 அக்டோபர் 1க்குப் பிறகு வரும் விண்ணப்பங்களில் 7.3 விழுக்காடு கழியும் என்றானது. செப்டம்பருக்குள் வந்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், கழிவில்லாமல் கிடைக்கும் என்று துறை கூவி அழைத்தது. வைக்கோல் வெட்டும் பருவத்தில் மறுபடி ஒரு வரிசை.

சரியானதும் சரியாகாததும்

அட்லஸ் சில பாடங்களைச் சட்டத்தில் எழுதவைத்தது. எல்ஐபி இப்போது நிரந்தரம்; விவசாயச் சட்டம் காலாவதியானாலும் அது நிற்கும். எல்ஐபிக்கான உச்சவரம்பை 2018 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நீக்கியது. காயம்பட்டு, சாகாமல், குறைந்த விலைக்கு விற்கப்பட்ட கால்நடைகளுக்கும் ஈடு உண்டு என்று அதே சட்டத்தில் சேர்த்தார்கள். 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவைப் பெருவெள்ளமும் பனிப்புயலும் தாக்கியபோது பண்ணையாளர்கள் நாடாளுமன்றத்தை எதிர்பார்க்காமல் அந்த வாரமே விண்ணப்பிக்க முடிந்தது. வெள்ளம் உடலையே அடித்துக்கொண்டுபோன மாட்டுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

ஆள் இருந்தது நல்வாய்ப்பும்கூட. அந்த வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்னால், 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, அமெரிக்க அரசு மறுபடி முடங்கியிருந்தது. ஜனவரியில் பண்ணைச் சேவை முகமையின் அலுவலகங்கள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. அதே வெள்ளம் ஜனவரியில் வந்திருந்தால் மீட் கவுண்டியின் அக்டோபரை நெப்ராஸ்கா அனுபவித்திருக்கும்.

காரணம் எளிது. இழப்பீட்டுப் பணம் நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. பட்ஜெட் நிறைவேறாவிட்டாலும் அதற்குச் சட்ட ஆதாரம் உண்டு. அதைக் கொடுக்கும் ஊழியரின் சம்பளமோ ஆண்டுதோறும் நிறைவேற வேண்டிய ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. பெட்டியில் பணம் இருக்கும். சாவி வைத்திருப்பவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 2014இல் முதல் பூட்டைத்தான் உடைத்தார்கள். இரண்டாவது பூட்டு அப்படியே இருக்கிறது.

அதை உடைக்கப் பெரிய பணம் தேவையில்லை. பேரிடர் நடந்த கவுண்டியில் இழப்பு அறிவிப்பைப் பதிந்துகொள்ளும் ஊழியர் ஒருவரின் பணியை, முடக்கக் காலத்திலும் நிறுத்தக் கூடாத பணி என்று சட்டத்தில் குறிப்பிட்டால் போதும். காசோலை அப்புறம் வரட்டும். முதல் வாரத்தில் ஒருவர் வந்து, உடல்களைப் பார்த்து, எந்தப் படம் செல்லும், எந்தச் சாட்சி செல்லும், எந்தக் கணக்கேடு செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனால், 36 மணி நேரத்துக்குள் புதைக்க வேண்டிய மாட்டை ஒரு பண்ணையாளர் பயமில்லாமல் புதைப்பார். கவுண்டி கமிட்டிகளும் புயல் வருவதற்கு முன்பே ஒன்று செய்யலாம். கோடை நிலத்துக்கு மாட்டை ஓட்டும் மே, ஜூன் மாதத்திலேயே எண்ணிக்கையை அலுவலகத்தில் பதியச் சொல்லலாம். புயலுக்கு முன் எத்தனை மாடு இருந்தது என்ற கேள்விக்குப் புயலுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருக்கும்.